நான் கவலைக்கிடமாக இருந்த சனிக்கிழமை

போனில் வேதம் வாசிக்கிறவர்கள் யாரும் ஒரு அதிகாரத்தை முழுசாக முடித்ததில்லை என்பது என் தாழ்மையான கருத்து. நான் முடித்ததில்லை. விடியற்காலையில் திறப்பேன். இரண்டாவது வசனத்திலேயே யாரோ ஒருத்தியின் வளைகாப்புப் படம் மேலே வந்து எட்டிப் பார்க்கும். வாழ்த்துச் சொல்லப் போய், அவள் கட்டியிருந்த புடவை, அந்தப் புடவைக் கடை, கடைக்குப் பக்கத்து பிரியாணி என்று ஊர் சுற்றித் திரும்பும்போது நான் பிடிக்க வேண்டிய ரயில் திருமுல்லைவாயிலைத் தாண்டியிருக்கும். (ஆமென்.)

இந்த லட்சணத்தில் எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் 'போன் இல்லாத ஒரு மணி நேரம்' என்று செய்தி கொடுத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதிலும் பி.காம். மைக் கிடைத்தால் விடுவேனா? "போனையே தள்ளி வைக்க முடியாதவர்கள் உலகத்தை எப்படித் தள்ளி வைப்பார்கள்?" என்று கேட்டேன். சபையின் வாட்ஸாப் குழுவை நடத்தும் மேரி அக்கா முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒரே பெருமை.

பேசியாகிவிட்டது. செய்தும் பார்க்க வேண்டுமே! அடுத்த சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், போனை அம்மா கையில் கொடுத்தேன்.

"யார் பண்ணாலும் என்னைக் கூப்பிடாதம்மா. கதவைத் தட்டாத."

"டீ?"

"வேணாம்."

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. என் பக்தியைப் பார்த்து உருகுகிறாள் என்று நினைத்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

முதல் பதினைந்து நிமிடம் படுதோல்வி. அச்சுப் புத்தகத்தில் ஒரு கடினமான சொல் வந்தபோது, அர்த்தம் வரும் என்று அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் போட்டேன். இடுப்புப் பக்கம் ஏதோ அதிர்ந்தது. அங்கே போனும் இல்லை, பையும் இல்லை.

பிறகு வாசலில் செருப்புச் சத்தம். நிறையச் செருப்புகள். பாட்டு. ஒரு பெண்ணின் அழுகை.

யாரோ இறந்துபோய்விட்டார்கள் என்று புரிந்தது. யார்? மாடியில் இருக்கும் வீட்டுக்காரரா? நேற்றுகூட மோட்டார் போடச் சொல்லிக் கத்தினாரே! வெளியே ஓடலாம் என்று எழுந்தேன். ஆனால் ஒரு மணி நேரம் என்று எல்லார் முன்னாலும் பேசியவள் ஆயிற்றே. மறுபடி மண்டியிட்டு, அந்த அழுகிற பெண்ணுக்காக ஜெபித்தேன். யாரென்று தெரியாத அந்தத் தாயைத் தேற்றும் என்று கண்ணீர் விட்டுக் கேட்டேன். வாழ்நாளில் முதல்முறையாக மனம் எங்கும் ஓடவில்லை.

அப்போது வெளியே ஒரு குரல் உயர்ந்தது. "மகள் எஸ்தரை எழுப்பும், ஆண்டவரே!"

எஸ்தர் நான்தான்.

கையைக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. கதவைத் திறந்தேன். கூடம் நிறையப் பெண்கள். வாயைத் திறப்பதற்குள் பாஸ்டரம்மா என் நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டார்.

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே இல்ல!"

"ஒண்ணுமே இல்லியாம்! அல்லேலூயா!" என்று கூடம் அதிர்ந்தது.

அழுதுகொண்டிருந்தது அம்மா. முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நீ போன கீழ வெச்சி நான் பாத்ததே இல்லியேடி. நீயே கைல குடுத்துட்டு, டீயும் வாணாம்னு கதவ சாத்திக்கினா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

நடந்தது இதுதான். தினமும் ஆறு மணிக்கு நான் குழுவில் போடும் வசனப் படம் அன்று வரவில்லை. மேரி அக்கா போன் செய்திருக்கிறார். அம்மா உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். "அவளே போனக் குடுத்துட்டாளா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, அக்கா ஆட்களைத் திரட்டிவிட்டார். ஒருவர் கம்பெனி பஸ்ஸையே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆம், கடுமையான வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நெற்றியில் எண்ணெய் வழிய எப்படிப் பொய் சொல்வது?

"தியானத்துல இருந்தேன்" என்றேன்.

பாஸ்டரம்மா எண்ணெய்ப் புட்டியை மூடினார்.

"தியானம் பண்ணு, வாணான்னு யாரு சொன்னா?" என்றார் மேரி அக்கா. "குரூப்ல ஒரு வார்த்த போட்டுட்டுப் போறதுக்கு இன்னா? படிச்ச பொண்ணுதானே நீ?"

எல்லோரும் ஆமோதித்தார்கள். அன்றே சட்டமும் ஆனது. ஆகவே தினமும் ஆறு மணிக்கு, 'தியானத்துக்குப் போகிறேன்' என்று குழுவில் போடுகிறேன். பதிலுக்கு ஆமென்கள் வரிசையாக வரும். கூப்பிய கைகள், பூங்கொத்துகள், முழங்கால் வலிக்கு ஜெப விண்ணப்பம். எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், மிச்சம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் பழுதில்லை.

அந்தச் சனிக்கிழமை குழுவில் ஓடிய செய்திகளை அப்பாவுக்கு நானே வாசித்துக் காட்டியதுதான் பெரிய தப்பு. முதல் செய்தியில் எனக்குக் காய்ச்சல். மூன்றாவதில் கவலைக்கிடம். செய்தி திருநின்றவூர் போய்ச் சேர்வதற்குள் ஐசியூ. அன்றிலிருந்து என் அறைக்கு அப்பா வைத்த பெயர் அதுதான்.

போன வாரம், தண்ணீர் கேன் போட வந்த புது அண்ணனிடம் அப்பா, "மெதுவா வை நைனா. பொண்ணு ஐசியூல கீது" என்றிருக்கிறார்.

அந்த அண்ணன் பதறிப்போய், "எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஊட்லதாம்பா" என்றாள் அம்மா. "தெனம் காத்தால அட்மிட் ஆவும். ஏழு மணிக்கு வுட்டுருவாங்க."