பலகையில் அழியாத கம்பெனி

அன்பும் பாசமும் மிக்க அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்று முதல் எனக்கு வேலை இல்லை. மகள் வீட்டில் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே.

நம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஜன்னல் வைத்த அறை யாருக்கு என்று அத்தானுக்கும் அவர் தம்பிக்கும் மூண்ட சண்டை உனக்குத் தெரியும். நீ கிளம்பினதும் அது முத்திப்போய், கம்பெனியையே ரெண்டாப் பிரிச்சுக்கறதுன்னு ஆயிடுச்சு. பெயர்ப் பலகையில 'அண்ட் கம்பெனி'யை அழிக்கச் சொல்லி அத்தான் என்னை அனுப்பினார். பெயின்டர் ஏணி மேல நின்னுக்கிட்டு, "அழிக்கிறேன் சார், கம்பெனின்னா என்ன அர்த்தம்?"னு கேட்டான். ஸ்டோர் கீப்பர் நான் திருதிருன்னு முழிச்சா நல்லாவா இருக்கும்? அகராதியைப் புரட்டினேன். பேச்சுத்துணையும் கம்பெனியாம், பட்டாளத்துல ஒரு பிரிவும் கம்பெனியாம், நாடகக்காரங்களும் கம்பெனியாம். வேர் மட்டும் லத்தீன்ல இருக்காம்: 'கூட', 'ரொட்டி'ன்னு ரெண்டு வார்த்தை சேர்ந்ததாம். ஒரே ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடறவங்கதான் கம்பெனி! அட, இவங்க ஒண்ணா உக்காந்து சாப்பிடறதே இல்லையே, அதான் வினைன்னு எனக்குப் பொறி தட்டிச்சு. பெயின்டரைக் கீழே இறக்கிட்டு, பெரிய ரொட்டியா ஒண்ணு வாங்கி, அட்டை ஒட்டுற மேஜையில வெச்சு, அவசர ஆர்டர்னு பொய் சொல்லி ரெண்டு பேரையும் எதிரெதிரே உக்கார வெச்சேன். மேஜையில பசை காயலைன்னு நான் என்ன கனவா கண்டேன்? அத்தானோட சட்டைக் கை முழங்கையோட ஒட்டிக்கிச்சு. சின்னவரோடதும்தான். சட்டையைக் கழட்டினா எழுந்துடலாம், ஆனா முதல்ல கழட்டறது யாரு? ரெண்டு பேருக்கும் வீம்பு. பசையை இளக்க நான் வெச்ச வெந்நீர் கொதிக்கிற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாங்க. பசிக்காதா? ஒத்தைக் கையால ரொட்டி பிய்க்க வரலை. கடைசியில அண்ணன் ஒரு பக்கம் பிடிச்சார், தம்பி மறுபக்கம் இழுத்தார். சாப்பிட்டாங்க அக்கா! "நல்லாத்தான்டா இருக்கு"ன்னார் அத்தான். "உப்பு கம்மிண்ணே"ன்னார் சின்னவர். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. உடனே ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பி, ஒரே குரல்ல, "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே"ன்னுட்டாங்க.

நீ சொன்னால் அத்தான் தட்டமாட்டார். கடிதம் கண்டதும் போன் செய்து என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல். மாப்பிள்ளைக்கு என் வணக்கம், குட்டிக்கு ஆயிரம் முத்தம்.

உன் தம்பி

பி.கு.: தபாலில் போடும் முன் கம்பெனியை எட்டிப் பார்த்தேன். ஜன்னல் அறையில ரெண்டு பேரும் ஒரே மேஜையில சாப்பிட்டுக்கிட்டே என்னைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. அத்தான் விட்ட இடத்துலேர்ந்து சின்னவர் தொடர்றார். பலகையும் அப்படியே இருக்கு. அதனால போன் கீன் எதுவும் பண்ணிடாதே அக்கா. என்னைச் சேர்த்துக்கிட்டா அவங்களுக்குப் பேச விஷயம் இல்லாமப் போயிடும்.