மாமாவின்ரை கல்வெட்டும் என்ரை கையெழுத்தும்

என்ரை பேர் வாகீசன். இதை முதலே சொல்லிப்போடுறன். ஏனெண்டால் அநியாயம் நடந்தது இந்தப் பேருக்குத்தான்.

எங்கடை மகள் கஜானி தரம் ஒன்பது. வரலாற்று ரீச்சர் ஒப்படை ஒண்டு குடுத்திருக்கிறா. ‘எமது ஊரின் புகழ்பூத்தவர் ஒருவர்’. தேடிப் பிடிச்சு அவரின்ரை வாழ்க்கை வரலாறு எழுத வேணும். திறமானதைப் படத்தோடை பள்ளிக்கூட மண்டபச் சுவரிலை மாட்டுவினமாம்.

இதிலை தேட என்ன கிடக்கு? பதினாறு வருசமாய்ச் சனசமூக நிலையத்துக்கு நான் செயலாளர். வாசிகசாலைக்குப் பேப்பர் எடுப்பிச்சது ஆர்? நான். ஒழுங்கைக்கு லைற் போடுவிச்சது ஆர்? நான். முழுச் சண்டிலிப்பாயிலையும் என்னை விட்டால் ஆர்? சுவரிலை தொங்கப்போறது நான்தான் எண்டு அண்டைக்கே தீர்மானிச்சிட்டன். படம் எடுக்க நீலச் சேட்டை அயன் பண்ணியும் வைச்சிட்டன்.

“எழுது பிள்ளை. பிறந்த ஆண்டு...”

“அப்பா, ஆதாரம் வேணும். அச்சிலை வந்திருக்க வேணுமாம்.”

போனிலை என்ரை பேரைத் தட்டிப் பாத்தன். கனடாவிலை ஒரு பல்லு டொக்டர் வந்தார். முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நிக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு ஒண்டைக் கழட்டியிருப்பன்.

அந்த நேரம் பாத்துக் குசினியிலை இருந்து என்ரை மனிசி சிவகௌரி வந்தா. கையிலை ஒரு மஞ்சள் புத்தகம். தகப்பன்ரை, அதுதான் என்ரை மாமாவின்ரை, கல்வெட்டு. எங்கடை பக்கம் ஒருத்தர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவரின்ரை வரலாறை அச்சடிச்சுச் சனத்துக்குக் குடுப்பம். அதுதான் கல்வெட்டு.

“இந்தா பிள்ளை, அச்சிலை கிடக்கு. அம்மப்பாவைப் பற்றி எழுது.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. “உம்மடை அப்பரோ புகழ்பூத்தவர்?”

“நீ வாசி பிள்ளை.”

கஜானி வாசிச்சாள். “‘ஊரார் நடந்து செல்லத் தன் புகையிலைத் தோட்டத்தினூடே ஒழுங்கை விட்டுக்கொடுத்த வள்ளல் பரமலிங்கம் ஐயா...’”

“வள்ளலோ! ஏழு வருசம் கோட்டிலை வழக்காடித் தோத்து, நீதவான் சொல்லி விட்ட ஒழுங்கையடி அது! அடுத்த மாரிக்கே வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவர்!”

“‘இன்சொல் அன்றி வேறொன்றும் அறியாதவர்...’”

“கலியாணப் பந்தலிலேயே என்னை ‘மொக்கன்’ எண்ட மனிசன்!”

“ஆர் பிள்ளை உதை எழுதினது? கடைசிப் பக்கத்தைப் பார்,” எண்டா மனிசி.

கஜானி பக்கத்தைப் பாத்தாள். பிறகு என்னைப் பாத்தாள்.

“மருமகன், வாகீசன்.”

ஓம். நான்தான். மனிசி அழுதழுது சொன்னா, நான் எழுதினன். செத்தவரைப் பற்றி ஆர்தான் உள்ளதை எழுதுறது?

“அது முழுக்கப் பொய்யெண்டு நாளைக்கே ரீச்சருக்குக் கடிதம் குடுக்கிறன்!”

“தாராளமாய்க் குடுங்கோ. அப்பான்ரை மட்டுமோ? இந்த ஊரிலை முப்பத்திநாலு கல்வெட்டு நீங்கள் எழுதினது. முன்வீட்டுக் கனகாம்பிகை அக்கான்ரை புருசனைக் ‘குடியை நாடாத குணக்குன்று’ எண்டு எழுதினியள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. அக்காவைக் கூப்பிடட்டோ?”

முப்பத்திநாலு குடும்பமும் என்ரை படலையிலை வந்து நிக்கிறதை நினைச்சுப் பாத்தன். கடிதக் கதையை அந்த இடத்திலேயே விட்டிட்டன்.

“அப்ப நான்? பதினாறு வருசம், கௌரி!” உண்மையாய் நெஞ்சு நொந்துது. ஊரிலை செத்தவன் எல்லாரையும் பெரிய மனிசனாக்கினது நான். எனக்கு எழுத ஒருத்தர் இல்லை.

“இஞ்சாருங்கோ, கல்வெட்டு வந்தால்தானே வரலாறு. அதுக்கு என்ன இப்ப அவசரம்?” மனிசியின்ரை குரல் இளகிப் போச்சு. “உங்கடை பேர் சுவரிலை ஏற வேணும், அவ்வளவுதானே? நான் ஏத்திவிடுறன். இந்தத் தாளிலை கையெழுத்தை வையுங்கோ.”

நான் கண்ணாடியைத் தேடினன். அவ பேனையைத் தந்தா.

போன வெள்ளிக்கிழமை நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனன். சொன்ன சொல்லை மனிசி காப்பாத்தியிருந்தா. சுவரிலை மாலையோடை மாமா சிரிக்கிறார். கீழை, கொட்டை எழுத்திலை நான்:

‘மேற்கூறிய யாவும் நான் கண்ணால் கண்ட உண்மை. இங்ஙனம், மருமகன் வாகீசன்.’