பாளையம்பட்டிக் கடலைக் காலி செய்ய முடியாது

இயேசு மரி சூசை துணை

பாளையம்பட்டி
14-6-93

தூத்துக்குடியில் இருக்கும் பெரிய மச்சான் அவர்கள் சமூகத்துக்குத் தங்கை புருஷன் ஜான்ராஜ் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் மீனும் நண்டும் கடல்பூவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் அக்காவும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் தங்கை தெரசாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண்ணாடித் தொட்டியை உடைத்துத் தெருவில் போட்டுவிட்டு வந்து தெரசாளைக் கூட்டிப் போகும்படி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தொட்டியை உடைப்பதாக இல்லை. வருவதாகவும் இல்லை. மரியாதைக்காக இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மச்சான், இதற்கெல்லாம் மூலம் நீங்கள்தான். உங்கள் பேத்தி ஜாய்ஸின் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது, பந்தி போட நேரமாகும் என்று என்னைக் கடற்கரைக்கு அனுப்பியது யார்? கடல் உள்வாங்கிக் கிடந்தது. பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் பூ மாதிரி ஒன்று விரிந்திருந்தது. விரலை வைத்தேன், மெல்லப் பிடித்துக்கொண்டது. பஞ்சு மில்லில் உழைத்து ஓய்ந்த கை இது. இதை இவ்வளவு மிருதுவாக யாரும் பிடித்ததில்லை. (தெரசாளுக்கு இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம்.)

சங்கு குளிக்கிறவர்களிடம் சொல்லி வைத்து, ஒரு கடல்பூ, அதற்குள்ளேயே குடியிருக்கும் ஆரஞ்சுப் பட்டை மீன் ஒன்று, சங்கைச் சுமந்து திரியும் நண்டு ஒன்று, பொடி உயிர்கள் ஒட்டிய நாலைந்து கல் வாங்கினேன். கேனில் கடல் தண்ணீரோடு பஸ் ஏறினேன். பந்தல்குடி வரும்போது கண்டக்டர், "கேன்ல என்ன, சரக்கா?" என்றார். கடல் தண்ணி என்றேன். நம்பாமல் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "அருப்புக்கோட்டைல போர்த்தண்ணியே இப்பிடித்தானங்க இருக்கு, இதப் போயி அங்க கொண்டு போறீகளே" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

கடல்பூவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று தொட்டியை ஜன்னல் ஓரம் வைத்தேன். நம்மூர் வெயிலைச் சொல்ல வேண்டுமா, தண்ணீர் சுட்டது, சூடு தணிய டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன், தெரசாள் விசிறிக்கட்டையோடு இருந்தாள், ஃபேன் காற்றில் தண்ணீர் மளமளவென்று வற்றியது, வற்ற வற்ற நான் கேனிலிருந்து கடல் தண்ணீரையே ஊற்றினேன், கடல்பூ சுருங்கிக் கத்தரிக்காய்க் காம்பு மாதிரி ஆனது, நண்டு தொட்டியை விட்டே ஏறிப் போய்விட்டது. தெரசாள் உலை வைக்கப் போனவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டுவிட்டு அப்படியே நின்றாள். "ஏங்க, அரிசிக்குள்ள சங்கு நடக்குது" என்றாள். பக்கத்து வீட்டு வீரணன் வந்துதான் அதை எடுத்தான்.

மறுபடி தண்ணீர் எடுக்க உங்கள் ஊருக்கு வந்த வழியில் பஸ் ஜன்னலில் உப்பளத்தைப் பார்த்தேன். பாத்தியில் தண்ணீர் போய் உப்பு மட்டும் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்குள்ளேயே நான் உப்பளம் நடத்திக்கொண்டிருக்கிறேன், வற்றுவது நல்ல தண்ணீர், ஊற்ற வேண்டியதும் நல்ல தண்ணீர். கேனை நிரப்பாமல் அப்படியே திரும்பிவிட்டேன். வீட்டில் குடிதண்ணீர்க் குடம் நிறைந்து இருந்தது. வாரத்துக்கு ஒரு தரம் வரும் தண்ணீர், விடியுமுன்னே வரிசையில் நின்று, தெருக்காரி சுந்தராம்பாளோடு சண்டை போட்டுத் தெரசாள் பிடித்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாய்த்தேன்.

"குடிக்கிற தண்ணிய எதுல ஊத்துறீக?"

"கடல்ல."

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் கடல்பூ விரிந்தது மச்சான். அதுவரை நான் தொட்டியில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தேன். அன்றைக்குத்தான் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். வெறும் கல் என்று நினைத்ததிலிருந்து நூல் மாதிரி ஒரு புழு வந்து விசிறியை விரித்தது. என் நிழல் பட்டதும் மடக்கிக்கொண்டது. வீரணன் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, கல்லு கண்ண மூடுது" என்றான். கரண்ட் போய்த் தொட்டிக்குள் காற்று விடும் மோட்டார் நின்றபோது அவன் சைக்கிள் பம்பில் காற்றடித்தான், கை ஓய்ந்ததும் நான் அடித்தேன். "கடல் வேண்டுமென்றால் இங்கே வந்து பாரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கடல் ஓரத்தில்தான் இருக்கிறீர்கள். மீனைக் குழம்பில் தவிர வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்? என் பங்குக் குடிதண்ணீரை நான் எதில் வேண்டுமானாலும் ஊற்றுவேன். வேண்டுமானால் நான் போர்த்தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். தெரசாள் வந்தாலும் தொட்டி இருக்கும், வராவிட்டாலும் இருக்கும். இதில் மாற்றம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம், ஜாய்ஸ் குட்டிக்கு என் ஆசீர். மாதா உங்கள் வீட்டை எந்தக் குறையும் அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஜான்ராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மதிய பஸ்ஸில் தெரசாள் வந்து இறங்கினாள், மிச்சச் சேலைகளை எடுத்துப் போக. தொட்டிப் பக்கம் நின்றாள். பிறகு குனிந்தாள். "பட்டினி போட்டு வச்சிருக்கீகளே, ஒங்களுக்கு ஒரு சீவன வளக்கத் தெரியுமா?" என்று இறாலைப் பொடியாகக் கிள்ளிப் போட்டாள். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கல்லையெல்லாம் இடம் மாற்றிவிட்டாள். மீனுக்கு உங்கள் பேரை வைத்திருக்கிறாள், முகச்சாடை இருக்கிறதாம். நான் தொட்டிக்குள் கைவைக்கக் கூடாதாம். ஆகையால் மச்சான், எனக்கு எழுதினீர்களே, தொட்டியை உடைக்கச் சொல்லி, அதையே கொஞ்சம் கண்டிப்பாக அவள் பேருக்கு உடனே எழுதிப் போடவும்.