வக்கீல் பூனையும் பெரியப்பாவின் தோல் நாற்காலியும்

அன்புள்ள சித்திக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்குக்கூட. சித்தப்பா நல்லவர்தான், ஆனால் அவர் வயிற்றில் ஒரு சேதி தங்காது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். இங்கே நாற்காலியைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும், சித்தப்பாவும், உங்கள் பட்டறையில் பழுதுபார்க்க வந்து படுத்திருக்கும் எல்லா சோபாக்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வெளிச்சம் தெரியாமல் இருக்கக் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். என்னிடம் போன் இல்லை. அப்பாவின் போன் அவர் தலையணைக்குக் கீழே தூங்குகிறது. அம்மாவின் போன் கீழே விழுந்ததிலிருந்து ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசுகிறது. அதில் ரகசியம் பேசுவதும் மாடியில் நின்று கத்துவதும் ஒன்று.

சித்தி, நீங்கள் வந்து வக்கீலைக் காப்பாற்ற வேண்டும். வக்கீல் எங்கள் பூனை. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை, அதனால் அந்தப் பெயர். நீங்கள் போன பிறகு வந்தது. பெயர்தான் வக்கீல், தனக்காக ஒரு வார்த்தை வாதாடத் தெரியாது. அதை வருகிற சனிக்கிழமை அப்பா தன் அலுவலகக் கிடங்குக்கு அனுப்பப் போகிறார். அங்கே எலி பிடிக்கட்டும் என்கிறார். அந்துப்பூச்சி பறந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற பூனை அது. கிடங்கில் எலிகள்தான் அதைப் பிடிக்கும்.

எல்லாம் அந்த நாற்காலியால்தான். பெரியப்பா சின்ன வீட்டுக்கு மாறியபோது, "என் முதல் சம்பாத்தியத்துல வாங்கினது, கண்ணு மாதிரி பாத்துக்கோ" என்று சொல்லி அப்பாவிடம் விட்டுப் போன அதே தோல் நாற்காலி. அதை ஜன்னலோரம் வெயிலில் போட்டிருப்பதைப் பார்த்து நீங்கள் விரலால் அழுத்தி, "அத்தான், இதை இங்கேருந்து நகர்த்துங்க, தோல் தாகமா இருக்கு" என்று சொன்னதும், அப்பா, "மாடு செத்து முப்பது வருஷம் ஆச்சு, இப்ப அதுக்குத் தாகமாம்" என்று எல்லோர் எதிரிலும் சிரித்ததும், நீங்கள் தோலுக்குப் போடும் க்ரீம் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, காப்பி குடிக்காமல் கிளம்பிப் போனதும் உங்களுக்கு மறந்திருக்காது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அந்த க்ரீமை அப்பா வீணாக்கவில்லை. தன் குதிகால் வெடிப்புக்குப் போட்டுக்கொண்டார். தினமும் படுக்கப் போகும்முன் போட்டு டப்பாவையே காலி செய்துவிட்டார். அப்பாவின் குதிகால் இப்போது புது சோபா மாதிரி இருக்கிறது. நாற்காலிதான் அப்பாவின் பழைய குதிகால் மாதிரி ஆகிவிட்டது.

முதலில் கைப்பிடியில் மெல்லிய கோடுகள் வந்தன. அம்மா அதை அழுக்கு என்று நினைத்து, அப்பா இல்லாத நேரம் பார்த்துப் பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டார். கோடுகள் விரிசல் ஆயின. அப்பா அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் அடுப்படியிலிருந்து சமையல் எண்ணெயை எடுத்துப் பூசினார். விரிசல் போகவில்லை, நாற்காலி கறுத்துப்போய் பிசுபிசுவென்று ஆனது, கூடத்தில் எந்நேரமும் யாரோ வடை சுடுகிற வாசனை. பிறகு கைப்பிடி ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்தது. அண்ணன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு உடனே ஒட்டுகிற பசையை அதில் ஊற்றினான். அவன் கட்டைவிரல்தான் முதலில் ஒட்டியது. பிய்த்து எடுத்ததில் நாற்காலியின் தோல் கொஞ்சம் அவனோடும், அவன் தோல் கொஞ்சம் நாற்காலியோடும் போய்விட்டது. பசை காய்ந்த இடம் கல் மாதிரி மேடாக நிற்கிறது. உங்கள் பட்டறையில் கிழிசலுக்கு உள்பக்கம் துணி வைத்து, விளிம்பைச் சேர்த்து, நிறத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி, காயவிட்டு மறுபடி ஒற்றுவீர்களே, விடுமுறைக்கு வந்தபோது பார்த்திருக்கிறேன். இங்கே ஒருவருக்கும் அந்தப் பொறுமை இல்லை. ஒருவர் செய்தது அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்கிற அக்கறை மட்டும் எல்லோருக்கும் நிறைய.

இதற்கு நடுவில்தான் பெரியப்பா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்காலியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பெரியப்பா போனில் பேசினால்கூட அப்பா எழுந்து நின்றுதான் பேசுவார், உங்களுக்குத் தெரியும். அன்று பேசி முடித்த பிறகும் உட்காரவில்லை. நின்றபடியே நாற்காலியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அப்போது பார்த்து வக்கீல் உள்ளே வந்து, நாற்காலியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது. அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது.

"இதோ, இந்தப் பூனைதான். நகத்தால பிராண்டி வச்சிருக்கு."

"பூனை வந்தே நாலு மாசம்தானேப்பா ஆகுது. விரிசல் அதுக்கு முன்னாடியே இருந்துச்சே" என்றேன்.

"உன்னை யாராவது கேட்டாங்களா? போய்ப் படி."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார், அண்ணன் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு மேலே பார்த்தான். எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்வது சித்தி. மூன்று பேர் சேர்ந்து கெடுத்ததை ஒரு வாயில்லா ஜீவன் தலையில் கட்டுகிறார்கள். நாற்காலி பார்க்க நன்றாக ஆகிவிட்டால் வக்கீலை விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, நான் என் பள்ளி ஷூவுக்குப் போடும் பழுப்பு பாலிஷை எடுத்து நாற்காலி முழுக்கப் போட்டேன். சத்தியமாக நன்றாகத்தான் இருந்தது. விரிசலே தெரியவில்லை. அப்பாகூட, "பார்றா, எண்ணெய் இப்பத்தான் வேலை செய்யுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அப்பாவின் மேலதிகாரி ஒரு விசேஷத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக் கால்சட்டை. "அடடா, என்ன அருமையான நாற்காலி" என்று சொல்லி அதிலேயே உட்கார்ந்தார். எழுந்து திரும்பியபோது பின்பக்கம் இரண்டு பழுப்பு வட்டம். அப்பாவுக்குச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, படிக்கிற மாதிரியே அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தார். "என்னய்யா, விட்டுட்டுப் போக மனசு வரலையா?" என்று அவர் நெகிழ்ந்துபோய்க் கேட்டார். அப்படியே காரில் ஏறி விசேஷத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு இரவு அப்பா சாப்பிடவில்லை. அதற்கும் பூனைதான் காரணமாம்.

"பூனை எப்படிப்பா பாலிஷ் போடும்?"

"எங்கேயாவது போய் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். சனிக்கிழமை கிடங்கு வண்டி வருது, ஏத்தி விட்டுடப் போறேன். இதுக்கு மேல பேச்சு வேண்டாம்."

அதனால்தான் சித்தி, நீங்கள் சனிக்கிழமைக்குள் வரவேண்டும். வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததுபோல வாருங்கள். நான் எழுதினேன் என்று மூச்சுவிடாதீர்கள். தெரிந்தால் வக்கீலோடு என்னையும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். நாற்காலியை நீங்கள் ஒருமுறை பார்த்தால் போதும், எது நகம் பட்டது, எது வெயிலில் வெடித்தது என்று உங்கள் விரலுக்குத் தெரியும். எல்லோர் எதிரிலும், "இது பூனை செய்ததில்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும். வரும்போது மறக்காமல் அந்த க்ரீம் இரண்டு டப்பா கொண்டு வாருங்கள், ஒன்று நாற்காலிக்கு, இன்னொன்று அப்பாவின்

யாரோ கதவைத் தட்டுகிறா

பி.கு.: அப்பாதான் சித்தி. ஒரு கையில் வக்கீல், இன்னொரு கையில் பேனா. தாள் கேட்டு வந்தாராம். "உன் சித்திக்கு ஒரு லெட்டர் எழுதணும். போன்ல கேட்டா அவ சிரிப்பா. எழுதினா சிரிக்கிறது எனக்குக் கேக்காது" என்றார். என்னால் கடிதத்தை மறைக்க முடியவில்லை. முழுவதும் படித்தார். நடுவில் ஒருமுறை குனிந்து தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டார்.

"குதிகால் விஷயமெல்லாம் எழுதணுமா?"

"உண்மைதானேப்பா."

"சரி, இருக்கட்டும். சித்தியை வரச் சொல்லு. நாற்காலியைச் சரி பண்ணட்டும். ஆனா உன் பெரியப்பா கேட்டா பூனைதான்னு அவ வாயால சொல்லணும். அவ சொன்னா அவரு நம்புவாரு."

"அப்ப வக்கீலைக் கிடங்குக்கு அனுப்பிடுவீங்களே."

"அனுப்பிட்டா அப்புறம் யார் மேலம்மா பழி போடறது? அது இந்த வீட்டுலதான் இருக்கணும்."

ஆகவே சித்தி, மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். வந்து, பார்த்து, பூனைதான் செய்தது என்று சொல்லிவிடுங்கள். வக்கீலுக்கு ஆட்சேபணை இல்லை, அப்பா மடியில் தூங்குகிறது. பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சித்தப்பாவுக்கு அன்பு. அப்பா உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார், பிறகு அது வேண்டாம் என்றார், இப்போது மறுபடி எழுது என்கிறார்: அந்த நாற்காலி தாகமாகத்தான் இருந்ததாம். இது மட்டும் அம்மாவுக்குத் தெரியவே கூடா

மறுபடி தட்டுகிறார்கள். அப்பா பூனையோடு மேசைக்கு அடியில் போய்விட்டார். வெளியே அம்மா:

"ஏய், அந்த லெட்டரை ஒட்டிடாதே. உங்கப்பாவைக் கொஞ்சம் நகர்ந்து உக்காரச் சொல்லு, சோப்பு போட்டதைப் பத்தி நானும் அவளுக்கு ரெண்டு வரி