அசையாத செல்கள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு உருப்படியாக ஒரு காரியம் நடந்திருக்கிறது என்றால், அது எங்கள் ஆய்வகத்தின் இரண்டாவது மாடியில்தான். நுரையீரல் புற்றுநோய் பரவுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். தற்சமயத்துக்குக் கண்ணாடித் தட்டில். துணை இயக்குநர் என்ற முறையில், இயக்குநர் பேசும்போதெல்லாம் தலையாட்டி இந்தச் சாதனையில் நானும் பங்கெடுத்திருக்கிறேன்.

எங்கள் மருந்தை ஊற்றினால் புற்றுநோய்ச் செல்கள் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. மருந்து ஊற்றாத தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது சில்லறை விஞ்ஞானிகளின் வழக்கம். எங்கள் இயக்குநருக்கு அந்தச் சந்தேகப் புத்தி கிடையாது.

மருந்தை முதலில் பெறும் ‘பாக்கியம்’ எங்கள் டிரைவரின் மனைவிக்கு. திங்கட்கிழமை, மந்திரி முன்னிலையில் ஊசி. அதற்காகப் பெரிய மருத்துவமனையில் நடந்துகொண்டிருந்த சிகிச்சையைக்கூட அந்த அம்மாள் நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். கூட்டச் சொன்னவர் எங்கள் இளம் பெண் ஆராய்ச்சியாளர். எதையும் இரண்டாவது தடவை பார்க்கிற கெட்ட பழக்கம் உள்ளவர்.

“சார், நம்ம தட்டுல இருக்கறது நுரையீரல் செல்லே இல்ல. குரங்கோட சிறுநீரகம்.”

பக்கத்து அறையில் வைரஸ் எப்படிப் பெருகுகிறது என்று ஆராய்கிறார்கள். வைரஸுக்கு அவர்கள் போடும் தீனி குரங்குச் சிறுநீரகச் செல். ‘சிக்கனம் கருதி’ இரண்டு அறைகளுக்கும் ஒரே ஊட்டத் திரவ பாட்டில் என்று உத்தரவிட்டவர் இயக்குநர். அந்த பாட்டில் வழியாகக் குடிவந்த குரங்குச் செல்கள், எங்கள் புற்றுநோயை மூட்டைகட்ட வைத்துவிட்டுத் தட்டு முழுவதையும் வளைத்துப் போட்டுவிட்டன.

“மருந்து ஊத்தினா நகருதா, இல்லையா?” என்று கேட்டார் இயக்குநர்.

“ஊத்தலைன்னாலும் அவ்வளவா நகராது சார். அதுக்குத்தான் புற்றுநோயே கிடையாதே.”

“பாத்தியாம்மா, குணமே ஆயிடுச்சு.”

நான் தலையாட்டினேன்.

“திங்கக்கிழமை ஊசிய நிறுத்துங்க சார். இருக்கற வைத்தியமும் போய் அந்தம்மா செத்துடுவாங்க.”

“ஊசிய நிறுத்திடலாம். வர்ற மந்திரிய எப்படிம்மா நிறுத்தறது?”

ஆராய்ச்சியாளர்கள் உணர்ச்சிவசப்படுவதன் காரணங்களை ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டு, கூட்டம் இனிதே முடிந்தது.

இயக்குநர் காரில் ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன். போகிற வழியில் அவருடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டோம். பாவம், அவருக்கும் அதே நோய். கார் பெரிய மருத்துவமனை வாசலில் நின்றது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “அக்காவுக்கும் நம்ம மருந்துதானே சார்? இங்க எதுக்கு வந்திருக்கோம்?”

அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கியபடியே இயக்குநர் சொன்னார்: “முதல் ஊசி உன் வீட்டம்மாவுக்குன்னு வாக்கு குடுத்துட்டேன்பா. என் குடும்பத்துக்குச் சலுகை காட்டினா நல்லாவா இருக்கும்?”

எவ்வளவு பெரிய மனசு. அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். டிரைவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப திங்கக்கிழமை தைரியமா கூட்டிட்டு வரலாமா சார்?”

பழக்கதோஷம், தலை ஆடிவிட்டது. மற்றபடி இருந்த இடத்தை விட்டு நான் அசையவே இல்லை. எந்த மருந்தும் ஊற்றாமலேயே.