கலா நிதியும் ஒரு எலியும்

ஆர்மோனியம் கெட்டுப்போகவில்லை. நாகையாவின் கஷ்டம் அதுதான்.

"பெட்டி எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று சபா வாசலில் நின்று கேட்டான்.

"தங்கமான பெட்டி சார்," என்றார் பாட்டு வகுப்பு நடத்தும் பேசில் மாஸ்டர். "நீங்க குடுத்ததிலேருந்து ஒரு நாள் மக்கர் பண்ணல."

"ஒரு கட்டைகூட ஒட்டிக்கல?"

"இல்லையே."

"நல்லாப் பாத்தீங்களா? அமுக்கின கட்டை மேல வராம, விடாம ஊதிக்கிட்டே இருக்கும். எலி உள்ள பூந்துடும்."

"இங்க பூனை இருக்கு சார்," என்றார் மாஸ்டர் ஆறுதலாக.

நாகையாவுக்கு அது ஆறுதலாக இல்லை.

அவன் ரயில்வே ஆபீசில் கிளார்க். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தான். மனைவி சீதாலெட்சுமி காய்ச்சலில் போனாள். காரியம் முடிந்த மறுநாளே அவளுடைய ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கலா போஷக சபாவில் கொடுத்துவிட்டான். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியாது என்று அப்போது தோன்றியது. அதைப் பார்க்காமலும் இருக்க முடியாது என்று தெரிவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

சபாவில் கலா நிதி என்று ஒன்று இருந்தது. எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரையும் ஆதரிப்பதற்காக மரக்கடை பழனியப்பன் ஏற்படுத்தியது. அவர்தான் சபாவுக்குத் தலைவர். நிதி தாராளமாக இருந்தது. ஆதரிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒரு கவிராயர் வந்தார். தலைவர்மேல் அவர் பாடிய பதிகத்தில் மரக்கடையின் விலாசம் வரவில்லை. திரும்பிப் போனார். ஒரு சித்திரக்காரர் வந்தார். தலைவரைத் தத்ரூபமாக வரைந்துவிட்டார். அதனாலேயே அவருக்கும் கிடைக்கவில்லை. கடைசியில், பெண்பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு என்று முடிவாகி, மாஸ்டர் வந்து, பாய் விரித்து, பெட்டி மட்டும் இல்லாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோதுதான் நாகையா பெட்டியோடு போய் நின்றான்.

பழனியப்பன் அவனுக்கு மாலை போட்டார். பேசினார். பெட்டியின் முகப்பில் 'சீதாலெட்சுமி நினைவு' என்று வெள்ளைச் சாயத்தில் எழுதவைத்தார். மாலை வாங்கிய கழுத்தோடு போய்த் திருப்பிக் கொடு என்று யார் கேட்பது?

அன்று நாகையா சொன்னது ஒன்றுதான். "இது வாராவாரம் கெடும். கெட்டா சொல்லி அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை வந்து சரி பண்ணித் தரேன்."

வீட்டில் அப்படித்தான் கெட்டது. நாகையாவுக்குப் பேச்சுக் குறைவு. ஆபீசிலிருந்து வந்தால் பேப்பர். பேப்பர் முடிந்தால் சாப்பாடு. சாப்பாடு முடிந்தால் மிச்சப் பேப்பர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், "ஏங்க, பெட்டி மறுபடி ஊதுது" என்பாள் சீதா. அவன் திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்காருவான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கழற்றும் திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அவனுக்கு எப்படியோ பேச்சு வந்துவிடும். ஆபீஸ் துரையின் கோபம், கிள்ளான் வண்டியில் ஏறிய ஆடு, எல்லாம் சொல்வான். கட்டைகளின் இடுக்கிலிருந்து கடைசியில் ஒரு தீக்குச்சித் துண்டு வெளியே வரும். பிறகு அவள் பாடுவாள்.

"எலி இழுத்துக்கிட்டு வருது," என்று நாகையா தீர்மானித்தான். எலிப்பொறி வாங்கி வைத்தான். எலி விழவில்லை. தீப்பெட்டியை டப்பாவில் போட்டு அலமாரியில் பூட்டினான். அப்படியும் எலி எங்கிருந்தோ குச்சி கொண்டுவந்தது. பெட்டியைத் திறக்காமல் போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்று. அன்றுதான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அப்படிப்பட்ட பெட்டி சபாவுக்குப் போனதும் திருந்திவிட்டது. மாதக்கணக்காக ஒரு முனகல் இல்லை. நாகையாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

ஒரு நாள் வகுப்புக்கு முன்னால், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போனான். மூங்கில் சிராய் ஒன்றைச் சீவிக் கொண்டுபோயிருந்தான். நடுக்கட்டை இரண்டுக்கும் நடுவே சொருகினான். வீட்டுக்கு வந்து, வெள்ளைச் சட்டை மாட்டி, திருப்புளியைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். சிக்னல்மேன் கன்னையாவின் மனைவி. அவளுடைய மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள்.

"என்ன தம்பி, சட்டையெல்லாம் பலமா இருக்கு. எங்கயாச்சும் போறீங்களா?"

"ஒருவேளை கூப்பிடுவாங்கக்கா."

"யாரு?"

"சபாவுல. பெட்டி கெட்டுப்போச்சுன்னு."

"கெட்டுப்போச்சா?"

"கெட்டிருக்கலாம்," என்றான் நாகையா.

பவுனம்மாள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிளகாயைப் பார்த்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் மாஸ்டரே எதிரில் வந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் சார். நேத்து ஒரு கட்டை ஒட்டிக்கிச்சு."

"சொல்லி அனுப்பியிருக்கலாமே."

"எதுக்கு உங்களுக்குச் சிரமம்? வாய வச்சு ஊதினேன். குச்சி பறந்து வந்து விழுந்துருச்சு."

அடுத்த தடவை நாகையா நிறையச் சிராய் கொண்டுபோனான். ஊதினால் பறக்காதபடி ஆழமாகச் சொருகினான். அன்று பேசில் மாஸ்டர் ஊதினார், தட்டினார், பெட்டியைச் சாய்த்தார், கடைசியில் தலைவரிடம் போனார்.

பழனியப்பனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நிதிக்கு ஒரு செலவு வந்திருக்கிறது. உடனே கூட்டம் போட்டார். பெட்டி கொடுத்தவன் என்ற முறையில் நாகையாவையும் கூப்பிட்டார்.

"கல்கத்தாவுக்கு எழுதிப் புதுப்பெட்டி வரவழைக்கிறோம்," என்றார்.

"நான் சரி பண்ணித் தரேன் தலைவரே," என்றான் நாகையா. "செலவே இல்லாம."

"செலவே இல்லாமன்னா எப்படி தம்பி? அப்புறம் நிதி எதுக்கு இருக்கு?"

"பழைய பெட்டி?"

"கிள்ளான் கிளைக்குக் குடுத்துடலாம். அவங்க எது குடுத்தாலும் சந்தோஷப்படுவாங்க. நீங்க ரயில்வே ஆளு. ஏத்தி அனுப்புற பொறுப்பு உங்களுக்கு."

ஒரு சிராய் பறந்தது. நிறையச் சொருகியதில் பெட்டியே கிள்ளானுக்குப் பறக்கப்போகிறது. நாகையா வீட்டுக்கு வந்து எலிப்பொறியை எடுத்துத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தான். பொறியில் அவனாகத்தான் விழுந்துகொண்டிருந்தான்.

மாஸ்டர் ஒரு நாள் முழுக்கக் குறடும் கையுமாக இருந்து அந்தச் சிராய்களை எடுத்துவிட்டார். ஆனாலும் கல்கத்தாவுக்குக் கடிதம் போய்விட்டது. சனிக்கிழமை கிள்ளானிலிருந்து பாலன் என்பவர் பெட்டியைப் பார்த்து வாங்கிப்போக வந்தார். அவர் பாசாரில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். எதையும் தட்டிப் பார்த்தே வாங்குவார். அவர் வருவதற்கு முன்பே நாகையா வந்து, கையில் இருந்த சிராய் எல்லாவற்றையும் சொருகி முடித்திருந்தான்.

பாலன் துருத்தியைப் போட்டார். ஒரு கட்டையை அமுக்கினார். அது நிற்கவில்லை. அதை நிறுத்துவதற்காக இன்னொன்றை அமுக்கினார். அதுவும் சேர்ந்துகொண்டது. சபாவின் பூனை ஜன்னல் வழியாக வெளியே போயிற்று.

"நாங்க கேட்டது ஆர்மோனியம்," என்றார் பாலன். "இது மாட்டு வண்டி மேடு ஏறுற மாதிரி இருக்கு."

"இனாமாக் குடுக்கிறோம், அதைப் பாருங்க," என்றார் பழனியப்பன்.

"அழுகின காய இனாமாக் குடுத்தாலும் நான் கடையில வைக்கிறதில்ல. கிள்ளான்னா உங்களுக்கு என்ன, குப்பைக் கூடையா?"

அவர் அடுத்த வண்டிக்கே கிளம்பிவிட்டார். நாகையாவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இறங்கிய பாரம் தரையைத் தொடவில்லை. அதற்குள் பழனியப்பன் மேஜையைத் தட்டினார்.

"பிரிக்பீல்ட்ஸ் மானம் போச்சு. விடமாட்டேன். பெட்டிய சிங்கப்பூருக்கு அனுப்புறோம். அங்க ஒரு கடை இருக்கு. வெளிப்பலகை மட்டும் இருக்கட்டும். உள்ள நாக்கு, துருத்தி, கட்டை எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசு. என்ன செலவானாலும் கலா நிதி குடுக்கும். மாஸ்டர், எழுதிக்குங்க."

மாஸ்டர் எழுதப் போனார்.

"கட்டை வேண்டாம்," என்றான் நாகையா.

"என்ன தம்பி?"

"கட்டைய மாத்த வேண்டாம் தலைவரே."

"கெட்டதே அதுதானே. வெள்ளையெல்லாம் தேஞ்சு பள்ளமா இருக்கு, பாத்தீங்கல்ல?"

"அது அவ விரல் பட்டுத் தேஞ்சது."

மாஸ்டர் பேனாவை வைத்துவிட்டார். ஸ்டேஷன் பக்கம் ஒரு இன்ஜின் ஆவி விட்டது. அது ஓய்ந்த பிறகுதான் நாகையாவால் பேச முடிந்தது.

"எனக்கு அது வேணும். திருப்பிக் குடுத்துடுங்க."

அத்தனை சிராய் சீவியவனுக்கு அதைச் சொல்ல ஒரு மூச்சுதான் ஆயிற்று.

பழனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் துடைத்த மாதிரி இருந்தது. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே," என்றார். "இப்ப நிதிக் கணக்குல ஏறிடுச்சு. சட்டம்னு ஒண்ணு இருக்கு. நான் எழுதினது, நானே மீறக் கூடாது. நிதியோட சாமான வீட்டுக்குக் கொண்டுபோகணும்னா, கலை படிக்கிற மாணவனா இருக்கணும்."

"அப்ப?"

"அப்ப என்ன? படிங்க."

இப்படியாக, கலா நிதியின் முதல் உபகார மாணவனாக நாகையா சேர்க்கப்பட்டான். மறுபடி ஒரு மாலை போட்டார்கள். பாவாடை கட்டிய பிள்ளைகளின் வரிசையில், கடைசிப் பாயில், முழங்காலை மடக்கத் தெரியாமல் உட்கார்ந்தான். அவன் 'ஸ' பிடித்தபோது கூட்ஸ் வண்டி பிரேக் போட்டது போல இருந்தது. பவுனம்மாளின் மகள் பாவாடை நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"சார்," என்றார் மாஸ்டர் பணிவாக, "நீங்க இந்த வருஷம் துருத்தி மட்டும் போடுங்க. வாய் அடுத்த வருஷம்."

அடுத்த சனிக்கிழமை மாலை பெட்டி கைவண்டியில் வீட்டுக்கு வந்தது. அது முன்பிருந்த இடத்தில் வைத்தான். அன்று பேப்பர் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை திருப்புளியோடு உட்கார்ந்தான். திருகாணிகளைக் கழற்றி, வைக்க இடம் தெரியாமல், பக்கத்தில் தரையில் வைத்தான். ஒன்று உருண்டு ஓடியது. பவுனம்மாள் காப்பி கொண்டுவந்தவள், குனிந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

"வந்துருச்சா பெட்டி?"

"வந்துருச்சுக்கா."

அவன் சொருகிய சிராய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாம் மூங்கில், எல்லாம் அவன் சீவியவை. முடிந்தது என்று கீழிருந்து மேல் வரைக்கும் ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். கடைசிக் கட்டை, வகுப்புப் பிள்ளைகளின் பாட்டு ஒருநாளும் எட்டாத மேல் கோடிக் கட்டை, அமுங்கியது. எழும்பவில்லை. மெல்லிசாக ஊதிக்கொண்டே இருந்தது.

நாகையாவின் கை துருத்தியை விடவில்லை. அங்கே அவன் எதையும் சொருகவில்லை. மூச்சுத் தீரும்வரை அதை ஊத விட்டான். பிறகு ஊசியால் நெம்பினான். கருகிய தீக்குச்சித் துண்டு ஒன்று வந்து உள்ளங்கையில் விழுந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஞாயிற்றுக்கிழமை எடுக்காமல் விட்டது.

"பாருங்கக்கா," என்று காட்டினான். "பொறி வச்சேன், தீப்பெட்டியப் பூட்டி வச்சேன். இந்த எலி மட்டும் கடைசி வரைக்கும் என் கையில சிக்கவே இல்ல."

பவுனம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குச்சியைப் பார்த்தாள்.

"எலி எங்க வந்துச்சு தம்பி, சனிக்கிழமையானா என் அடுப்படியில வந்து எரிஞ்ச குச்சி ஒண்ணு பொறுக்கிட்டுப் போறது சீதாதான், என்னத்துக்குடின்னு கேட்டா, 'நாளைக்கு ஞாயித்துக்கிழமைக்கா, அவரு என் பக்கத்துல வந்து உக்காரணும்ல'ம்பா."