பெண் பார்க்க வந்த அன்று பொங்கிய மீன்தொட்டி

பொறுமை என்ற பாடத்தில் நான் இன்றுவரை பாஸ் ஆகவில்லை. என் ஆறு கப்பி மீன்களுக்கும் பேச வந்திருந்தால் என்றைக்கோ போலீஸில் புகார் கொடுத்திருக்கும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கம்பத்தில் எங்கள் வீட்டு ஹாலில், செடி வளர்த்த மீன்தொட்டி ஒன்று வைத்திருந்தேன். உத்தமபாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கும் மீன் வளர்ப்பில் ஆசை உண்டு என்று தரகர் சொல்லியிருந்தார். போட்டோவிலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிருந்தது (வெட்கம் என்ன வெட்கம்!). தொட்டிச் செடிகளோ முந்தாநாள் கீரைக்கட்டு மாதிரி வாடிக் கிடந்தன.

செடி செழிக்கக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதற்கான சிலிண்டர் வாங்கக் காசு கேட்டால் அப்பா என்னையே தொட்டிக்குள் அமுக்கிவிடுவார். ஆகவே சிக்கன வழி: பிளாஸ்டிக் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்ட்டும், மூடியிலிருந்து தொட்டிக்குள் ஒரு டியூப். வாயுவின் அளவு பார்க்க, ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயில் நிறம் மாறும் திரவம். நீலம் என்றால் வாயு பத்தாது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு மூச்சு முட்டும். இவ்வளவும் இணையத்தில் படித்தேன். நிறம் மாற இரண்டு மணி நேரம் ஆகும் என்ற அடுத்த வரியை மட்டும் படிக்கவில்லை.

அவர்கள் வரும் நாள் காலை ஏழு மணிக்கு நீலம். ஏழரைக்கும் நீலம். எனக்குக் கடுப்பாகிவிட்டது. தோட்டத்திலிருந்து அப்பா கொண்டுவந்த உதிர்ந்த பன்னீர் திராட்சை ஒரு கூடை கிடந்தது. கம்பத்துக்காரிக்குத் திராட்சைக்கா பஞ்சம்? பிழிந்து இன்னும் இரண்டு பாட்டில் நிரப்பி, ஈஸ்ட்டைக் கைநிறைய அள்ளிப் போட்டு, அவற்றையும் டியூபில் இணைத்துவிட்டுப் பட்டுச்சேலை கட்டப் போய்விட்டேன்.

பதினோரு மணிக்கு வந்துவிட்டார்கள். காபித் தட்டோடு வந்து நிமிர்ந்து பார்த்தால், குழாய் பளீரென்று மஞ்சள்! மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. அடுத்த நொடி ஒரு திராட்சைப் பாட்டில் பொங்கித் தொட்டிக்குள் பாய, அதன் மூடி டப்பென்று தெறித்தது. ஹால் முழுக்கச் சாராய வாடை.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்தினார். "ஏங்க, இவுக வீட்டுக்குள்ளயே காய்ச்சுறாக போலயே!"

"ஐயையோ, இல்ல மதினி! அது மீனுக்கு!" என்று என் அம்மா பதறினார்.

"மீனுக்கு ஊத்திக் குடுக்குறீகளா?"

அப்பா (பீடிகூடத் தொடாத மனுஷன்) தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் மீன் சாகிறதே! தட்டை மாப்பிள்ளை மடியில் வைத்துவிட்டு, பட்டுச்சேலையோடு தொட்டிக்குள் கையை விட்டு டியூபைப் பிடுங்கினேன்.

"குடத்துல நல்ல தண்ணி கொண்டாங்க, வெரசா!" என்று ஒரு குரல். மாப்பிள்ளைதான்! சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டீ வடிகட்டியால் மீன்களை ஒவ்வொன்றாக அள்ளிக் குடத்துக்கு மாற்றினார். ஆறும் பிழைத்தன. கட்டினால் இவரைத்தான் என்று அங்கேயே முடிவுகட்டினேன்.

அவர் அம்மாவோ, "இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, கை கழுவுகிற சாக்கில் மாப்பிள்ளையின் அப்பா, நான் சேலையைப் பிழிந்துகொண்டிருந்த அடுப்படிக்கு வந்தார்.

"ஆத்தா," என்று குரலைத் தாழ்த்தினார், "அங்கன வெடிக்காத பாட்டில் ஒண்ணு இருந்துச்சே?"

"இருக்கு மாமா."

"கொட்டிப்புடாத."

நேரே ஹாலுக்குப் போய், "பொண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு, பேச்சுக்கே இடமில்ல" என்று அடித்துச் சொன்னார். மகனும் தலையாட்ட, அந்த அம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்றும் நான் பிறந்த வீட்டிலிருந்து திரும்பினால், மாமியார் வாசலிலேயே என் பையை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். மாமனார் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'எங்கன வச்சிருக்க?' என்று கண்ணாலேயே கேட்பார்.